எலி எங்கிருந்து வந்தது?

செல்லப்பிராணி கேள்வி – பதில்

இந்தப் பகுதிக்கு வழக்கமாகப் பூனை, நாய், கிளி பற்றித்தான் கடிதங்கள் வரும். போன இதழில் பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் மலைப்பாம்பு வகை) வளர்ப்பு பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கப்புறம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் பாம்புதான். எல்லாமே சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகின்றன: அதற்கு என்ன கொடுப்பது, எப்படிக் கொடுப்பது? அதனால் இம்முறை முழுக்கப் பாம்புச் சாப்பாடு.

கேள்வி: டாக்டர், செந்தூலில் ஃபிளாட்டில் இருக்கிறேன். பத்திரத்தோடு வாங்கிய பால் பைத்தான் ஒன்று வளர்க்கிறேன். கடையில் உறைய வைத்த எலி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. எங்கள் புளோக்கின் பின்சந்தில் எலிக்குப் பஞ்சமே இல்லை. கூண்டு வைத்துப் பிடித்து இரண்டு நாள் ஃப்ரீசரில் போட்டால் கிருமி, புழு எல்லாம் செத்துவிடும், அப்புறம் தாராளமாகக் கொடுக்கலாம் என்கிறார் நண்பர். சரிதானா?
– கே.எஸ்., செந்தூல்

பதில்: வேண்டாம் தம்பி. ஃப்ரீசர் சில வேலைகளை நன்றாகவே செய்யும். ஆனால் எல்லா வேலையையும் செய்யாது. உங்கள் நண்பர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்.

பின்சந்து எலி என்ன தின்று வளர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. சாக்கடைக் கழிவு, கரப்பான், மற்றப் பிராணிகளின் எச்சம் என்று கிடைத்ததையெல்லாம் தின்னும். அதோடு புழு முட்டைகளும் உள்ளே போகும். முட்டை எலியின் குடலில் பொரிந்து, இளம்புழு ஈரலிலோ குடலைச் சுற்றிய சவ்விலோ சின்னதாகக் கூடு கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். எலிக்கு அதனால் பெரிய தொந்தரவு இருக்காது, ஓடியாடிக்கொண்டுதான் இருக்கும். பாம்பு அந்த எலியை விழுங்கும்போதுதான் புழு தன் வாழ்க்கையின் அடுத்த பாகத்தைத் தொடங்கும்.

இதில் நான் மிகவும் பயப்படுவது நாக்குப்புழு. பேருக்குத்தான் புழு, உண்மையில் அது இறால், நண்டு வகையறாவின் தூரத்து உறவு. நம் பக்கத்து மலைப்பாம்புகளில் காணப்படுவதன் பெயர் ஆர்மில்லிஃபர் மொனிலிஃபார்மிஸ். எலியோடு பாம்பின் வயிற்றுக்குள் போன இளம்புழு, குடல் சுவரைத் துளைத்து நுரையீரலுக்குப் போய், அங்கே இரத்தம் குடித்து வளரும். பிறகு அதன் முட்டைகள் பாம்பின் எச்சிலிலும் கழிவிலும் வெளியே வரும். அதை இன்னொரு எலி தின்னும்.

இறந்துபோன மலைப்பாம்பு ஒன்றைத் திறந்து பார்த்தபோது இதை நேரில் கண்டிருக்கிறேன். பாம்பின் நுரையீரல் நீளமான, மெல்லிய பை. அதன் உள்சுவரில் வெளிர்மஞ்சள் நிறத்தில், மணி கோத்த சரடு மாதிரி வளையம் வளையமாக அவை தொங்கிக்கொண்டிருந்தன. கிடுக்கியால் பிடித்து இழுத்தால் லேசில் வராது. வாயைச் சுற்றி நான்கு கொக்கிகள், சதைக்குள் நன்றாக ஏறியிருக்கும். பிரித்தெடுத்த இடத்திலெல்லாம் இரத்தம் கசிந்த சிவப்புப் புள்ளிகள். உயிரோடு இருந்தவரை அந்தப் பாம்பு வாயைத் திறந்து திறந்து மூச்சு விட்டதாகத்தான் வளர்த்தவர் சொன்னார். சளி என்றே நினைத்திருக்கிறார். இந்தப் புழுவுக்கு நம்பிக்கையான மருந்து கிடையாது. சில பாம்புகளில் குழாய் கேமரா விட்டு ஒவ்வொன்றாக எடுக்க முடியும், அவ்வளவுதான்.

மனிதருக்கும் இது வரும். பாம்பின் இறைச்சியைச் சரியாக வேக வைக்காமல் தின்றாலோ, பாம்பின் எச்சிலோ கழிவோ பட்ட கையோடு சாப்பிட்டாலோ, முட்டை நமக்குள் போய் எலிக்குள் செய்ததையே செய்யும். மலேசிய ஒராங் அஸ்லி மக்களிடையே பிரேதப் பரிசோதனையில் இந்தக் கூடுகள் அடிக்கடி தென்படுவதாக 1969-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் அதோடு ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்தவர்கள். அதற்காக நாமே அதை வீட்டுக்குள் கொண்டு வரத் தேவையில்லை.

சரி, ஃப்ரீசர் விஷயத்துக்கு வருவோம். புழுக்கள், அவற்றின் கூடுகள், முடியில் ஒட்டிய உண்ணி ஆகியவை குளிரில் சாகும், ஆனால் அதற்கு நாள் வேண்டும். பச்சையாகப் பரிமாறும் மீனுக்கே மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் என்று அமெரிக்க உணவுத் துறை விதி வைத்திருக்கிறது. அது வணிக ஃப்ரீசருக்குச் சொன்ன கணக்கு. நம் வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18-ஐத் தொட்டாலே பெரிது. பிள்ளைகள் ஐஸ்கிரீமுக்கு நூறு தடவை கதவைத் திறக்கிறார்கள். பெரிய எலியின் நடுவயிறு வரைக்கும் குளிர் இறங்கவே நேரம் பிடிக்கும். பண்ணையில் வளர்ந்த எலிக்கே ஒரு மாதமாவது ஃப்ரீசரில் இருக்கட்டும் என்றுதான் என்னிடம் வருபவர்களுக்குச் சொல்வேன். இரண்டு நாள் என்பது கணக்கிலேயே வராது.

ஒரு மாதம் வைத்தாலும் பின்சந்து எலி வேண்டாம் என்பதற்கு இன்னும் மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, சால்மொனெல்லா போன்ற பாக்டீரியா குளிரில் சாகாது, தூங்கும். இளகினால் எழுந்துவிடும். இரண்டாவது, எலி மருந்து. ஃபிளாட் பகுதிகளில் வைக்கும் மருந்து பலவும் இரத்தம் உறையாமல் செய்யும் வகை. தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலிதான் கூண்டில் முதலில் மாட்டும். அதன் ஈரலில் தங்கியிருக்கும் விஷத்தை எந்த ஃப்ரீசரும் எடுக்காது. மூன்றாவது உங்களுக்கே வரக்கூடியது: கெஞ்சிங் தீக்குஸ் என்று நாமெல்லாம் சொல்கிற லெப்டோஸ்பைரோசிஸ். கூண்டைத் தூக்கும்போது கையில் சின்னக் கீறல் இருந்து எலியின் மூத்திரம் பட்டால் போதும். இதுவரை பிடித்திருக்கிறீர்கள் என்றால், இனி காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி வந்தாலோ கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ உடனே கிளினிக்குக்குப் போய் ‘எலி பிடித்தேன்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் டாக்டர் டெங்கியைத்தான் முதலில் தேடுவார்.

செலவைப் பற்றிச் சொன்னீர்கள். வளர்ந்த பால் பைத்தானுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு எலி போதும். வாராவாரம் கொடுத்தால் கொழுப்புத்தான் ஏறும். வளர்க்கும் நண்பர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள், விலை நன்றாகவே இறங்கும்.

கேள்வி: புதிதாக வாங்கிய கார்ன் ஸ்நேக் பாம்புக் குட்டி, பிங்கி எலியை (முடி முளைக்காத எலிக்குட்டி) தொடவே மாட்டேன் என்கிறது. ‘சுவரில் இருக்கிற பல்லியைப் பிடித்துக் கொடுங்கள், உடனே தின்னும்’ என்றார் விற்றவர். உண்மையிலேயே ஒன்றைக் கொடுத்தேன், தின்றுவிட்டது! தொடரலாமா அக்கா?
– ஒரு கல்லூரி மாணவி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: தின்னும்மா, ஏன் தின்னாது? காட்டில் கார்ன் ஸ்நேக் குட்டிகள் பல்லி, சின்னத் தவளையைத்தான் முதலில் பிடிக்கும். அதனால்தான் இந்த யோசனை கடைக்குக் கடை சுற்றுகிறது. ஆனால் நம் வீட்டுச் சுவரில் ‘ச்சிக் ச்சிக்’ என்கிற பல்லியின் உணவு கரப்பானும் பூச்சியும். கரப்பான் வழியாகப் பல்லிக்குப் போகிற ஒரு நாக்குப்புழு வகை இருக்கிறது, பெயர் ரெய்லியட்டியெல்லா. மேலே செந்தூல்காரருக்குச் சொன்ன ஆர்மில்லிஃபருக்குத் தங்கை முறை. இதன் இன்னொரு வகை நம் ஆசிய மலைப்பாம்புகளோடு அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குப் போய், அங்குள்ள தவளை, பல்லி வழியாக உள்ளூர்ப் பாம்புகளுக்குத் தொற்றி, அவற்றின் நுரையீரலை நிரப்பிக் கொன்றுகொண்டிருக்கிறது. கார்ன் ஸ்நேக்கின் பூர்வீகமே அந்தப் பக்கம்தான். இந்தப் புழுவோடு பழகி வளர்ந்த இனமல்ல அது.

ஒரு பல்லி தின்றதற்காகப் பதற வேண்டாம். இனி கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துக் கழிவை ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடலாம்.

பிங்கி தின்ன வைக்க முதலில் குட்டியின் இடத்தைப் பாருங்கள். வெதுவெதுப்பான பக்கம் 29 டிகிரி அளவுக்கு இருக்க வேண்டும். இராத்திரி முழுக்க ஏர்கோன் ஓடும் அறையில் பாம்பு சாப்பிடவில்லை என்று வருபவர்கள் ஏராளம். ஏர்கோனை நிறுத்திய வாரமே பல குட்டிகள் சாப்பிட்டுவிடுகின்றன. அப்புறம், காற்றுத் துளை போட்ட சின்ன டப்பாவில் டிஷ்யூ விரித்து, குட்டியையும் நன்றாகச் சூடாக்கிய பிங்கியையும் உள்ளே விட்டு, இருட்டான இடத்தில் இராத்திரி முழுக்க வைத்துவிடுங்கள். அடிக்கடி மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். அதற்கும் மசியாவிட்டால், இறந்த பிங்கியின் தலையில் ஊசியால் லேசாகக் குத்தி மூளைச்சாறு கசியும்படி வையுங்கள். அருவருப்பாகத்தான் இருக்கும், ஆனால் அந்த வாசனைக்குக் குட்டிகள் வரும். உப்புப் போடாத கோழி வேகவைத்த தண்ணீரில் பிங்கியை முக்கிக் கொடுப்பதும் உண்டு. ஒரு முயற்சிக்கும் அடுத்த முயற்சிக்கும் நடுவில் ஐந்தாறு நாள் விடுங்கள், அந்த நாள்களில் கையில் எடுக்க வேண்டாம். சமையல் தராசு மாதிரி கிராம் காட்டும் தராசு ஒன்று வாங்கி எடையை எழுதி வையுங்கள். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் என்னைப்போல் யாரிடமாவது கொண்டு வந்துவிட வேண்டும்.

கேள்வி: மகன் பாம்பு வளர்க்கிறான். எலியைக் கொண்டு வந்து என் சமையலறை ஃப்ரிட்ஜில், மீனுக்குப் பக்கத்தில் வைக்கிறான். சிங்க்கில் போட்டு இளக்குகிறான். சொன்னால், ‘கவரில்தானே இருக்கிறது’ என்கிறான். வீட்டில் இரண்டு வயதுப் பேத்தி இருக்கிறாள். நான் சொல்வது தப்பா?
– ஒரு தாயார், கெப்போங்

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி அம்மா. இந்தப் பக்கத்தை அப்படியே மகன் கையில் கொடுங்கள்.

தம்பி, உறைந்த எலி பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். பிரிட்டனில் 2015-இலிருந்து பாம்புக்கு வாங்கிய உறைந்த எலியால் பல நூறு பேருக்கு சால்மொனெல்லா வந்திருக்கிறது, அதில் குழந்தைகள் நிறைய. அவை சாக்கடையில் பிடித்த எலிகள் அல்ல, பாக்கெட்டில் விற்ற எலிகள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் சில நாள் வயிற்றுப்போக்கோடு போகும். இரண்டு வயதுக் குழந்தைக்கு அது இரத்தத்தில் கலந்து ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்விடும். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கும் வீட்டில் பாம்பு, ஆமை வகைகளே வேண்டாம் என்கிறது. நீ வளர்ப்பதை விடச் சொல்லவில்லை. ஆனால் குழந்தை வளரும்வரை பாம்பின் அறைக்கதவு பூட்டியிருக்க வேண்டும். குழந்தை பாம்பைத் தொடக்கூடாது. பாம்பைத் தொட்ட கையால் நீ குழந்தையைத் தூக்கக்கூடாது.

எலிக்கென்று ஒரு சின்ன ஃப்ரீசர் வாங்க முடிந்தால் நல்லது. பழையது போதும். முடியாவிட்டால் இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எலிக்கென்றே ஒதுக்கி, பெயர் எழுதி, ஃப்ரீசரின் அடித்தட்டில் வை. இளக்குவதற்கும் தனி வாளி, தனி இடுக்கி. பாத்ரூமில் செய், சிங்க்கில் வேண்டாம். முதல் நாள் இராத்திரி டப்பாவோடு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் காலையில் இளகியிருக்கும். பிறகு ஜிப் பையில் போட்டு வெந்நீரில் வைத்துச் சூடேற்று. வெயில்தானே என்று மேஜைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடாதே. நம் ஊர் உஷ்ணத்தில் மத்தியானத்துக்குள் வயிறு பச்சையாகிவிடும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் வெந்து, ஒரு பக்கம் உறைந்து, சில நேரம் வெடித்தும் போகும். கொடுப்பதற்கு முன் எலியின் வயிற்றை விரலால் அழுத்திப் பார். நடுவில் கட்டி மாதிரி கெட்டியாக இருந்தால் இன்னும் உள்ளே ஐஸ் இருக்கிறது. பாம்பு தின்னாமல் விட்ட எலியை மறுபடி உறைய வைக்காதே, கட்டிக் குப்பையில் போட்டுவிடு. வாளியைச் சோப்பால் கழுவியபின், முப்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு குளோராக்ஸ் (ப்ளீச்) ஊற்றிப் பத்து நிமிடம் ஊற வைத்து, அலசிக் காய வை.

அம்மா, அதுவரை உங்கள் மீனை மேல்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் ஒரு பெண்ணின் மூளைக்குள் பாம்புப் புழு இருந்ததாமே! வீட்டில் பாம்பு வைத்திருக்கும் என் கணவரைப் பார்த்தாலே இப்போது பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: செய்தி உண்மைதான். 2022-இல் கான்பெராவில் 64 வயதுப் பெண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்தபோது மூளையிலிருந்து 8 சென்டிமீட்டர் நீளத்தில் உயிருள்ள புழு ஒன்றை எடுத்தார்கள். ஓஃபிடாஸ்காரிஸ் என்ற உருளைப்புழு, அங்குள்ள கம்பள மலைப்பாம்பின் உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் வாழ்வது. அந்த அம்மாள் பாம்பு வளர்க்கவில்லை. ஏரிக்கரையில் கீரை பறித்துச் சமைத்திருக்கிறார். பாம்பின் கழிவிலிருந்த முட்டை கீரை வழியாகவோ கை வழியாகவோ போயிருக்கும் என்று மருத்துவர்கள் கருதினார்கள். மனிதரிடம் இந்தப் புழுவைக் கண்டது அதுவே முதல் முறை.

உங்கள் கணவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பண்ணையில் பிறந்த பாம்பு, பண்ணையில் வளர்ந்து உறைய வைத்த எலி. இரண்டும் இருந்தால் அந்தப் புழுவின் சங்கிலி நடுவிலேயே அறுந்துவிடுகிறது, ஏனென்றால் பாம்புக்குள் அது வருவதே எலி போன்ற சின்ன விலங்குகள் வழியாகத்தான். கூண்டைச் சுத்தம் செய்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். கழிவை மல்லிகைச் செடிக்கு உரமாகப் போடும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். பயப்பட வேண்டாம்.

கேள்வி: பாட்டி வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் பாம்புக்குப் பால் வைக்கச் சொல்கிறார். வைக்கலாமா?
– எம்.ஆர்., பட்டர்வொர்த்

பதில்: பாலைச் செரிக்கும் உடம்பு பாம்புக்கு இல்லை. நாக்கு வறண்ட பாம்பு எந்த ஈரத்தையும் குடிக்கும், அதைப் பார்த்துத்தான் பால் குடிக்கிறது என்கிறோம். பாட்டியின் மனம் நோகாமல் பாலைச் சாமி படத்துக்கு முன் வையுங்கள். பாம்புக்குத் தினமும் புதுத் தண்ணீர் போதும்.

கேள்வி: பாம்பின் கழிவைச் சோதித்ததில் ‘ஊசிப்புழு முட்டை உள்ளது’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. பூனைக்கு வாங்கிய புழு மாத்திரையில் கால் பங்கு கொடுக்கலாமா?
– டி.எல்., செத்தாப்பாக்

பதில்: மாத்திரையைக் கீழே வையுங்கள். ரிப்போர்ட்டை முதலில் சரியாகப் படிப்போம்.

பாம்பு எலியை முழுசாக விழுங்குகிறது. எலியின் குடலுக்குள் இருந்த எலிப்புழு முட்டையும் சேர்ந்துதான் போகிறது. அதில் பல, பாம்பின் வயிற்றில் செரிக்காமல் அப்படியே மறுபக்கம் வந்துவிடும். எலிகளுக்கு வரும் ஊசிப்புழுவின் முட்டையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒரு பக்கம் தட்டையாக, மறுபக்கம் வளைந்து இருக்கும். பக்கத்திலேயே எலி முடி கிடக்கும், சில நேரம் முடியில் எலியின் உண்ணி முட்டையும் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தக் காட்சியைப் பார்த்தால் அந்த முட்டை எலியுடையது, பாம்புக்கு நோய் இல்லை என்று புரிந்துவிடும். எலியின் நாடாப்புழு முட்டையும் இதே மாதிரி வந்து போகும். இதை அறியாமல் பாம்புக்கு மருந்து கொடுத்தால், இல்லாத நோய்க்கு விஷம் கொடுத்த கதைதான்.

பாம்பின் சொந்தப் புழுக்களும் உண்டு. காலிசெஃபாலஸ் என்ற கொக்கிப்புழு, ஓஃபிடாஸ்காரிஸ், அப்புறம் புழுவாக இல்லாமல் ஒரே செல்லால் ஆன காக்சிடியா என்ற ஒட்டுண்ணி. அவற்றுக்கு மருந்து வேண்டும். அதுவும் எடை பார்த்துத்தான். ஃபென்பெண்டசோல் பொதுவாக நல்ல மருந்து, ஆனால் அளவு மீறினால் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும். ஐவர்மெக்டின் ஆமைகளைக் கொன்றுவிடும். பாம்புக்கு மிக ஜாக்கிரதையாகத்தான் கொடுப்போம். பூனை மாத்திரையின் கால் பங்கு உங்கள் பாம்புக்கு எத்தனை மடங்கு என்று கடைக்காரருக்கும் தெரியாது.

எலி வாங்கும் இடத்தை மாற்றிவிட்டு, சில வாரம் கழித்து மறுபடி சோதனை செய்யுங்கள். அன்று போட்ட கழிவு, காயாதது, சுத்தமான பாட்டிலில், அதே நாள் லேப்புக்குப் போக வேண்டும். அறிக்கையில் புழுவின் பெயரை எழுதித் தரும்படி கேளுங்கள். செர்டாங்கில் யூபிஎம் பல்கலைக்கழக மிருக மருத்துவமனை இருக்கிறது. உங்கள் டாக்டருக்குச் சந்தேகம் என்றால் அங்கே அனுப்பி வைப்பார்.

கேள்வி: மழைக்குப்பின் சாக்கடையில் கிடந்த மலைப்பாம்புக் குட்டியை எடுத்து வளர்க்கிறேன். தவளை கொடுத்து வருகிறேன். இப்போது தோலுக்கடியில் அங்கங்கே மெத்தென்று கட்டி. கத்தியால் கீறி எடுக்கலாமா?
– ஒரு வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: கீறாதீர்கள் ஐயா. முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு மலைப்பாம்பு 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். பினாங்கு பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அலுவலகத்தைக் கூப்பிட்டு, சாக்கடையில் கிடைத்தது என்று சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். இன்னொரு தடவை பாம்பைக் கண்டால் 999-ஐ அழையுங்கள், பொதுத் தற்காப்புப் படையோ பொம்பாவோ (தீயணைப்புப் படை) வந்து பிடித்துக்கொள்வார்கள்.

கட்டி என்னவென்று பாம்பைப் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் தவளை என்றதுமே எனக்கு ஸ்பார்கானம் ஞாபகம் வருகிறது. ஸ்பைரோமெட்ரா என்ற நாடாப்புழுவின் இளம் வடிவம் அது. வளர்ந்த புழு பூனை, நாயின் குடலில் இருக்கும். முட்டை தண்ணீருக்குப் போய், கண்ணுக்கு லேசில் தெரியாத நீர்ப்பூச்சிக்குள் புகுந்து, தவளைக்குள் போய், தவளையைத் தின்ற பாம்பின் சதையில் தங்கும். அறுவை மேஜையில் இந்தக் கட்டியைத் திறந்தால் சீழ் வராது. சுருங்கிய வெள்ளை ரிப்பன் ஒன்று சுருண்டிருக்கும். உப்புநீரில் போட்டால் மெல்ல நீளும், மறுபடி சுருங்கும். தலை விட்டுப்போனால் அது மறுபடி வளரும். வீட்டில் கீறக்கூடாது என்பது அதனால்தான். மாத்திரையும் இதற்குச் சரியாக வேலை செய்யாது, ஒவ்வொன்றாக முழுசாக எடுக்க வேண்டும்.

பாம்பு, தவளை இறைச்சியை அரைவேக்காட்டில் சாப்பிடுபவர்களுக்கும், கண்வலிக்குத் தவளைச் சதை வைத்துக் கட்டுபவர்களுக்கும் இதே புழு வருகிறது. ஒப்படைக்கும்வரை கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இனி தவளை வேண்டாம்.

கேள்வி: உயிரோடு கொடுத்தால்தான் பாம்புக்கு ‘இயற்கை’ என்கிறார்களே?
– எஸ்.பி., பாயான் லெப்பாஸ்

பதில்: காட்டில் எலிக்கு ஓட இடமிருக்கிறது. கண்ணாடித் தொட்டியில் இல்லை, அதனால் திருப்பிக் கடிக்கும். பசியில்லாத பாம்போடு எலியை இராத்திரி விட்டுவிட்டுத் தூங்கப்போய், காலையில் முதுகெலும்பு தெரியும் அளவுக்குக் கடிபட்ட பாம்பைத் தூக்கிக்கொண்டு வருபவர்களுக்கு நான் தையல் போட்டுக்கொண்டே இருக்கிறேன். உயிருள்ள எலிக்கு ஃப்ரீசர் பாதுகாப்பும் கிடையாது, அதன் உண்ணியும் புழுவும் உயிரோடே உள்ளே போகும். உறைய வைத்து, இளக்கி, சூடாக்கி, நீளமான இடுக்கியால் ஆட்டிக் காட்டுங்கள். பெரும்பாலான பாம்புகள் சில முறையிலேயே பழகிவிடும்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: பாசாரில் வாங்கிய கோழிக் காலோ கழுத்தோ எலிக்கு ஈடாகாது. பாம்புக்கு வேண்டியது ஈரல், எலும்பு, முடி எல்லாம் சேர்ந்த முழுப் பிராணி.

கேள்வி: தின்ற இரண்டாம் நாள் எலியைக் கக்கிவிட்டது. இது இரண்டாவது தடவை. உடனே இன்னொன்று கொடுக்கலாமா?
– ஜே.வி., ஜிஞ்சாங்

பதில்: கொடுக்காதீர்கள். கக்கும்போது வயிற்று அமிலமும் வெளியே வந்துவிடுகிறது, உணவுக்குழாய் புண்ணாக இருக்கும். 10-இலிருந்து 14 நாள் வெறும் தண்ணீர் மட்டும். பிறகு வழக்கத்தில் பாதி அளவு எலி.

நடுவில் காரணத்தைத் தேடுங்கள். எலி பாம்பின் உடம்பின் மிகப் பருத்த இடத்தைவிடப் பெரிதா? உள்ளே ஐஸ் இருந்ததா? சாப்பிட்ட 48 மணி நேரத்துக்குள் யாராவது கையில் எடுத்தார்களா? அறை குளிர்ந்ததா? பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் கக்குகிறது, நடு உடம்பில் மேடு தெரிகிறது, இளைத்துக்கொண்டே போகிறது என்றால் கிரிப்டோஸ்போரிடியம் செர்பென்டிஸ் என்ற ஒட்டுண்ணியைச் சந்தேகப்பட வேண்டும். வயிற்றுச் சுவரைத் தடிக்க வைக்கும், உறுதியான மருந்து இல்லை, குளோராக்ஸுக்கும் லேசில் சாகாது. வீட்டில் வேறு பாம்பு இருந்தால் இன்றே பிரித்துவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணம், இடுக்கி, துணி எதையும் மாற்றிப் பயன்படுத்தாதீர்கள். நோயுள்ள பாம்பின் கூண்டை எப்போதும் கடைசியாகச் சுத்தம் செய்யுங்கள். சோதனைக்கு பிசிஆர் (மரபணுச் சோதனை) கேளுங்கள். சுண்டெலிக்கு வரும் கிரிப்டோ வகை எலியோடு உள்ளே போய்ச் சாதாரணச் சோதனையில் பாஸிட்டிவ் காட்டுவது உண்டு. பிசிஆர்தான் எது பாம்புடையது, எது எலியுடையது என்று பிரித்துச் சொல்லும்.

அடுத்த தடவை கக்கினால் அந்த எலியைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டு, ஐஸ் கட்டி போட்ட பெட்டியில் வைத்து, பாம்போடு சேர்த்து டாக்டரிடம் கொண்டு போங்கள். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம், உறைந்தால் திசு கெட்டு மைக்ரோஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது.